சான் ஹோசேயில் மகளைக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். ஒன்பதாம் வகுப்புக்குக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசனை. நாங்கள் இந்துக் குடும்பம். ஊரில் நானும் கான்வென்ட்டில் படித்தவள்தான். அதே ஒழுக்கமும் பாதுகாப்பும் இங்கேயும் கிடைக்குமா? எப்படி விண்ணப்பிப்பது? மத விஷயத்தில் கட்டாயப்படுத்துவார்களா? அவ்வளவு பணம் கட்டுவதற்குத் தகுந்த பலன் உண்டா?

பதில்:

என் மகள் இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் நான்கு வருடம் படித்து முடித்தவள். அதன் பிறகு தெரிந்த குடும்பங்கள் பலவற்றுக்கு விண்ணப்ப நேரத்தில் கூட இருந்து உதவியிருக்கிறேன். நாங்களும் இந்துக்கள்தான். நானும் தமிழ்நாட்டில் கான்வென்ட்டில் படித்தவள். அதனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் நினைப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

முதலில் அதையே பேசிவிடலாம். ஊர் கான்வென்ட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வராந்தாவில் சிஸ்டர் வருகிறார் என்றாலே பேச்சு அடங்கிப் போகும் இடம் இல்லை இது. இங்கே முதல்வரும் ஆசிரியர்களும் பெரும்பாலும் துறவிகள் அல்ல, சாதாரணக் குடும்பஸ்தர்கள். கன்னியர்களை விழா நாட்களில் பார்த்தால் உண்டு. வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியரோடு வாதாடுவார்கள், கேள்வி கேட்காமல் இருந்தால்தான் ஆசிரியர் கவலைப்படுவார். மகள் அடக்கமாக வளர வேண்டும், பையன்கள் தொந்தரவு இருக்கக் கூடாது என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இரண்டுமே அங்கே கிடைக்காது. அவள் வாயைத் திறந்து பேச, ஒரு குழுவை நடத்த, தோற்றுவிட்டு மறுபடி முன்னால் வந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். அதில் இந்தப் பள்ளிகள் உண்மையிலேயே நல்லவை.

சான் ஹோசேயில் இப்படி இரண்டு பள்ளிகள் உள்ளன. டவுன்டவுனில் இருக்கும் நோட்ர டாம் 1851-ல் தொடங்கியது. கலிபோர்னியா மாநிலமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வில்லோ க்ளென் பக்கம் இருக்கும் பிரசன்டேஷன் 1962-ல் வந்தது. இந்த இரண்டாவது பள்ளியைத் தொடங்கிய கன்னியர் சபைக்கும் நமக்கும் பழைய தொடர்பு உண்டு. 18-ம் நூற்றாண்டு அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் பள்ளி நடத்துவதையே சட்டம் தடுத்திருந்தது. அப்போது கார்க் நகரில் நானோ நேகிள் என்ற பெண்மணி ஏழைப் பிள்ளைகளுக்கு ரகசியமாகப் பள்ளி நடத்தினார். 1775-ல் அவர் ஆரம்பித்த சபைதான் பிரசன்டேஷன். அந்தச் சபைக் கன்னியர் 1842-லேயே சென்னைக்கு வந்துவிட்டார்கள், சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது 1854-ல்தான். சென்னை சர்ச் பார்க் கான்வென்ட் அவர்கள் நடத்துவதுதான். அந்தப் பக்கம் படித்த அம்மாக்கள் இங்கே ஓப்பன் ஹவுஸ் (பள்ளியைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் நாள்) வந்து சுவரில் நானோ நேகிள் படத்தைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் சந்தோஷப்படுவதைக் கவனித்திருக்கிறேன். சந்தோஷப்படலாம், தப்பில்லை. ஆனால் சபை ஒன்றாக இருப்பதால் பள்ளியும் அதேபோல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலம்தான் முக்கியமான நேரம். செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பப் பக்கம் திறக்கும். டிசம்பர் வரை ஓப்பன் ஹவுஸ் நடக்கும். ஜனவரி வாக்கில் கடைசித் தேதி. மார்ச் நடுவில் முடிவு. ஒவ்வொரு பள்ளியின் தேதியும் கொஞ்சம் முன்பின் இருக்கும், வருடத்துக்கு வருடமும் மாறும். அந்தந்தப் பள்ளியின் பக்கத்தைப் பார்த்து ஒரே காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பள்ளி இரண்டோடு ஆர்ச்பிஷப் மிட்டி, மவுன்டன் வியூவில் செயின்ட் ஃபிரான்சிஸ் போன்ற இருபாலர் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் சேர்த்து விண்ணப்பிப்பதுதான் இங்கே வழக்கம்.

ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. பள்ளிகள் பார்ப்பது ஏழாம் வகுப்பின் மதிப்பெண்களையும் எட்டாம் வகுப்பின் முதல் பருவத்தையும்தான். உங்கள் மகள் இப்போது ஏழில் இருக்கிறாள் என்றால் விண்ணப்பத்தின் பாதி இப்போதே எழுதப்படுகிறது. மதிப்பெண்ணோடு வருகைப் பதிவும் நடத்தைக் குறிப்பும் போகும். ஊருக்குப் போகிறோம் என்று பள்ளி நடக்கும்போது மூன்று வாரம் லீவு எடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை இந்த வருடமும் அடுத்த வருடமும் தவிர்ப்பது நல்லது.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் ஆங்கில ஆசிரியரிடமும் கணக்கு ஆசிரியரிடமும் கேட்பார்கள், சில இடங்களில் முதல்வர் அல்லது பள்ளியின் மாணவர் ஆலோசகரிடமும். அது ரகசியமானது, நாம் பார்க்க முடியாது. மகள் தானே போய் ஆசிரியரிடம் கேட்பதுதான் முறை. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது வேலைக்கு மேல் வேலை, கடைசி நேரத்தில் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்.

அப்புறம் நுழைவுத் தேர்வு. எச்.எஸ்.பி.டி. என்று சொல்வார்கள், ஸ்காலஸ்டிக் டெஸ்டிங் சர்வீஸ் என்ற நிறுவனம் தயாரிப்பது. 298 கேள்விகள், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஐந்து பகுதிகள்: மொழித்திறன் 60 கேள்வி, எண்திறன் 52, வாசிப்பு 62, கணக்கு 64, ஆங்கில இலக்கணம் 60. எழுதும் நேரம் மட்டும் 2 மணி 21 நிமிடம். கால்குலேட்டர் கூடாது. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடக் கூடாது.

நம் பிள்ளைகள் சறுக்குவது கணக்கில் இல்லை. கூமான், ரஷ்யன் மேத் என்று கணக்கு டியூஷன் போய் வந்த பிள்ளைகளுக்குக் கணக்குப் பகுதி எளிதாகவே இருக்கும். கஷ்டம் முதல் பகுதியில். 60 கேள்விக்கு 16 நிமிடம், ஒரு கேள்விக்கு 16 விநாடி. எதிர்ச்சொல், ஒத்த சொல், எது இந்தக் கூட்டத்தில் சேராது, இது உண்மையென்றால் அது உண்மையா என்று அடுக்கிக்கொண்டே போகும். எண்திறன் பகுதியிலும் எண் வரிசை, எது பெரியது எது சிறியது என்ற ஒப்பீடு. ஊரில் வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ரீசனிங் பகுதி நினைவுக்கு வரும். நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒவ்வொன்றையும் யோசித்து, சரிபார்த்து, பாதியில் மணி அடித்துவிடும். புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. கடிகாரத்தை வைத்து முழு மாதிரித் தேர்வு சிலவற்றை எழுத வைத்தால் போதும், அந்த வேகம் பழகிவிடும். இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கோச்சிங் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தினமும் கொஞ்ச நேரம் நல்ல புத்தகம் படிக்கும் பழக்கம் அதைவிட அதிகம் உதவும்.

தேர்வை ஒரு பள்ளியில் ஒருமுறை எழுதிவிட்டு மதிப்பெண்ணை மற்ற பள்ளிகளுக்கு அனுப்பச் சொல்லலாம். இரண்டு இடத்தில் எழுதி நல்லதைக் காட்டலாம் என்ற திட்டம் வேண்டாம், அதைப் பள்ளிகள் விரும்புவதில்லை. இன்னொரு விஷயம், எல்லாப் பள்ளியும் இந்த மதிப்பெண்ணுக்கு ஒரே எடை கொடுப்பதில்லை. சில இடங்களில் சேர்க்கைக்கு, சில இடங்களில் எந்த வகுப்புப் பிரிவில் உட்கார வைப்பது என்பதற்கு. முன்பே கேட்டுவிடுங்கள்.

விண்ணப்பத்தோடு மகள் எழுத வேண்டிய கட்டுரையில்தான் பெற்றோரின் கை அதிகம் தெரிகிறது. பதின்மூன்று வயதுப் பெண் எழுதியது எது, மென்பொருள் நிறுவன மேலாளர் எழுதியது எது என்று வருடம் முழுக்க இதையே படிக்கும் சேர்க்கை அலுவலருக்குத் தெரியாமல் போகாது. அவள் பாட்டியோடு வாட்ஸ்அப்பில் பேசுவதைப் பற்றியோ, பரதநாட்டிய வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுப்பதைப் பற்றியோ தன் நடையில் எழுதினால் அதுவே பேசும். எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள். பெற்றோருக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கும், ஏன் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி என்று கேட்பார்கள். நம்மவர்கள் எல்லோரும் அங்கே ‘ஒழுக்கம், நற்பண்பு’ என்றுதான் எழுதுகிறோம். உங்கள் மகள் எப்படிப்பட்டவள், எங்கே தயங்குகிறாள், எங்கே மலர்கிறாள் என்பதை எழுதுங்கள். அதுதான் அவர்களுக்கு வேண்டியது. இந்து என்பதை மறைக்கவோ, வாரம் தவறாமல் வேளாங்கண்ணிக்குப் போனவர்கள்போல் காட்டிக்கொள்ளவோ தேவையே இல்லை. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும், அக்கா படித்த குடும்பங்களுக்கும் கொஞ்சம் முன்னுரிமை இருக்கும். அது அவர்கள் உரிமை. ஆனால் மற்ற மதப் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் கணிசமாக இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது ஷேடோ டே. எட்டாம் வகுப்புப் பெண் ஒருநாள் முழுக்க அங்கே படிக்கும் மாணவி ஒருத்தியோடு வகுப்புக்குப் போய், சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பி வருவாள். இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், பதிவு திறந்தவுடன் போட்டுவிடுங்கள். திரும்பி வந்ததும் பிடித்ததா என்று கேட்காதீர்கள். ‘ம்’ என்று ஒரே எழுத்தில் பதில் வரும். மதியம் யாரோடு உட்கார்ந்தாய், வகுப்பில் யார் அதிகம் பேசினார்கள், அறிவியல் லேபில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவள் பேசும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஷேடோ போன இரண்டு பள்ளியில் எது வேண்டும் என்று அவளே சொன்னால், உங்களுக்குப் பிடித்தது மற்றது என்றாலும் அவள் சொல்வதற்கு எடை கொடுங்கள்.

இப்போது மதம். மாறச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சே வராது. ஆனால் மதம் பள்ளியில் எங்கும் இருக்கும், அதை ஒப்புக்கொண்டுதான் சேர வேண்டும். நான்கு வருடமும் சமயப் பாடம் கட்டாயம், மதிப்பெண் உண்டு, விவிலியம், திருச்சபை வரலாறு, அறவியல், சமூக நீதி, உலக மதங்கள் என்று போகும். வகுப்பு தொடங்கும்போது சின்ன ஜெபம். வருடத்தில் சில முறை மொத்தப் பள்ளிக்கும் திருப்பலி, அதாவது பூசை. கத்தோலிக்கர் அல்லாதவர்கள் அதில் தரும் நற்கருணை அப்பத்தை வாங்குவதில்லை; இடத்திலேயே அமர்ந்திருக்கலாம், அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்தபடி போனால் ஆசீர்வாதம் மட்டும் தருவார்கள். இதை முதல் திருப்பலிக்கு முன்பே மகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வரிசையில் நின்று திணறிப்போவாள். கருக்கலைப்பு, திருமணம் போன்ற விஷயங்களில் திருச்சபையின் நிலைப்பாட்டைத்தான் பாடமாக வைப்பார்கள். மாற்றுக் கருத்தைச் சொல்ல இடம் உண்டு, என் மகள் பலமுறை சொல்லியிருக்கிறாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. உங்கள் வீட்டில் அது சரிவராது என்றால் இப்போதே யோசித்துவிடுவது நல்லது.

ரிட்ரீட் என்று வருடா வருடம் ஒரு தியான நாள் இருக்கும். மேல் வகுப்பில் கைரோஸ் என்று சில நாட்கள் வெளியே தங்கும் முகாம். போன் கிடையாது, ஒருவர் மனத்தை ஒருவர் திறந்து பேசுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் அழுதுவிட்டு வருவது இதில்தான், அதிகம் நெருக்கமாகி வருவதும் இதில்தான். சேவை நேரமும் கட்டாயம்: முதியோர் இல்லம், உணவு வங்கி என்று. என்னைக் கேட்டால் நான்கு வருடத்தில் என் மகளுக்குக் கிடைத்ததில் பெரியது இந்தச் சேவைதான். கல்லூரி விண்ணப்பத்துக்காக மணிக்கணக்கைச் சேர்ப்பது வேறு, ஒரே இடத்துக்கு வருடக்கணக்கில் போய் அங்கே இருப்பவர்களின் பெயரையும் கதையையும் தெரிந்துகொள்வது வேறு. சைவக் குடும்பங்களுக்கு ஒரு சின்ன நல்ல செய்தி: ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி இருக்காது, கேன்டீனில் அன்றைக்கு நம் பிள்ளைக்கும் சாப்பிட ஏதாவது கிடைக்கும்.

பையன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சான் ஹோசேயில் பெல்லார்மின் என்று இயேசு சபையினரின் ஆண்கள் பள்ளி இருக்கிறது, அதுவும் 1851-ல் தொடங்கியதுதான். நடன விழா, நாடகம், விளையாட்டுக்குக் கைதட்டப் போவது எல்லாம் அவர்களோடு நடக்கும். பையன்களே இல்லாத உலகம் இல்லை. வகுப்பறையில் மட்டும்தான் அவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த ஒன்று என்ன செய்கிறது என்றால், ரோபாட்டிக்ஸ் குழுவில் மோட்டாரைப் பொருத்துவதும் பெண்தான், நிரல் எழுதுவதும் பெண்தான், தலைவியும் பெண்தான். பிரசன்டேஷனின் ரோபாட்டிக்ஸ் குழு ஃபர்ஸ்ட் என்ற ரோபோ போட்டிகளில் முழுக்கப் பெண்களாகவே இறங்குகிறது. போஸ்டர் வரையும் வேலை மட்டும் பெண்களுக்கு என்று ஒதுங்கிப் போவது அங்கே நடக்க வழியில்லை. அதே நேரம் தோழிகளுக்குள் கோஷ்டி, ஒருத்தியை விட்டுவிட்டு மற்றவர்கள் சேர்ந்துகொள்வது எல்லாம் எல்லா இடத்தையும்போல் இங்கேயும் உண்டு. ஒன்பதாம் வகுப்பின் முதல் சில மாதங்கள் கஷ்டமாக இருக்கலாம். ஏதாவது ஒரு குழுவில், விளையாட்டோ விவாத மேடையோ, ஆரம்பத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மதிப்பெண் கூடுமா என்றால், பெண்கள் பள்ளி என்பதால் மட்டும் கூடாது. 2014-ல் 21 நாடுகளைச் சேர்ந்த 184 ஆய்வுகளை, 16 லட்சம் மாணவர்களின் விவரங்களை ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். மற்ற காரணங்களைச் சரியாகக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஆண் பெண் தனித்தனியாகப் படிப்பதால் படிப்பில் பெரிய லாபம் எதுவும் இல்லை என்பதுதான் அதில் வந்தது. ஆகவே லின்ப்ரூக், மோன்டா விஸ்டா போன்ற அரசுப் பள்ளிகளைவிட இங்கே அதிக ஏ.பி. (கல்லூரித் தரப் பாடங்கள்) கிடைக்கும், நல்ல கல்லூரி கிடைக்கும் என்று எண்ணிப் பணம் கட்ட வேண்டாம். கணக்கில் ஏற்கெனவே முன்னால் போய்விட்ட பெண் என்றால், எந்தக் கணக்கு வகுப்பில் உட்கார வைப்பது என்று பார்க்க வசந்த காலத்தில் நடக்கும் பிரிவுத் தேர்வு எப்படி, வெளியே படித்த பாடத்தை ஏற்பார்களா, பன்னிரண்டாம் வகுப்பு வரை கணக்கு பாக்கி இருக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

பணம். வருடக் கட்டணம் சுமார் 25,000 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீருடை, புத்தகம், கணினி, முகாம், விளையாட்டு எல்லாம் தனி. ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஏறும். நான்கு வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். உதவித்தொகை வசதியில்லாதவர்களுக்கு மட்டும் என்று நம்மவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வருமான வரிக் கணக்கைப் பார்த்து ஒரு வெளி நிறுவனம் மதிப்பிடும், நடுத்தரக் குடும்பத்துக்கும் ஓரளவு கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை போகும் காலம் இது, கேட்டு வைப்பதில் தப்பே இல்லை. அதன் கடைசித் தேதி சேர்க்கை முடிவுக்கு முன்பே வந்துவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

படிப்புச் செலவுக்கென்று வரிச்சலுகையோடு சேமிக்கும் 529 கணக்கிலிருந்து கட்டலாம் என்று அலுவலக நண்பர்கள் சொல்வார்கள். மத்திய அரசு வரியில் 2018 முதல் பள்ளிக் கட்டணத்துக்கு வருடம் 10,000 டாலர் வரை எடுக்கலாம், 2026 முதல் அது 20,000. ஆனால் கலிபோர்னியா மாநிலம் இதை ஏற்கவில்லை. பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்தால் அதில் உள்ள லாபத்துக்கு மாநில வரியும் மேலே 2.5 சதவீத அபராதமும் உண்டு. கல்லூரிக்கென்று சேர்த்ததை இதற்குத் தொடாமல் இருப்பதுதான் என் கருத்து.

பாதுகாப்பு பற்றி வெளிப்படையாகவே கேளுங்கள். திருச்சபைக்குள் குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகள் ஊரறிந்தவை. அதன் பிறகு 2002-ல் அமெரிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்குப் பள்ளியில் உதவ வரும் பெற்றோர்கூடக் கைரேகை கொடுத்து, பயிற்சி முடித்துத்தான் உள்ளே வர முடியும். புகார் வந்தால் யாரிடம் போகும், பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் யார் விசாரிப்பார்கள், கடந்த காலப் புகார்களைப் பள்ளி எப்படி நடத்தியது என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் பள்ளியை நம்பலாம். கேட்டவர்மீதே எரிச்சல்படும் பள்ளி வேண்டாம். சேர்க்கை எண்ணிக்கை எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் மெர்சி பெண்கள் பள்ளி 2020-ல் மூடப்பட்டது, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டி வந்தது.

காலையில் 280, 87 நெடுஞ்சாலைகளில் இருக்கும் நெரிசலையும் மறக்காதீர்கள். ஒருமுறை பள்ளி நேரத்துக்கு நீங்களே ஓட்டிப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் அதே பள்ளிக்குப் போகும் குடும்பம் கிடைத்துவிட்டால் பாதி பாரம் குறையும். ஓப்பன் ஹவுஸிலேயே விசாரித்துவிடுங்கள்.

மார்ச்சில் முடிவு வந்ததும் முன்பணம் கட்டுவதற்கு அதிக நாள் தர மாட்டார்கள், கட்டினால் திரும்ப வராது. அதற்காக அவசரப்பட்டு பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டு முகவரிக்கான அரசுப் பள்ளி வழி எப்போதும் திறந்தே இருக்கிறது, அங்கே பதிவு செய்வதற்கான காகிதங்களையும் ஜனவரியிலேயே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்புப் பட்டியல் என்று வந்தால், இன்னமும் வர விரும்புகிறேன் என்று மகளே ஒரு சின்னக் கடிதம் எழுதி அனுப்பட்டும். மற்ற குடும்பங்கள் வேறு பள்ளியைத் தேர்ந்தெடுத்து இடம் விடும்போது அந்தப் பட்டியலும் நகரும்.